இடிக்க மாட்டோம் என்றவர்கள்

சிட்னிக்குப் போகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டிய இடங்களின் பட்டியலில் 'த ராக்ஸ்' கட்டாயம் இருக்கும். ஓபரா ஹவுஸுக்கு எதிர்க்கரை, துறைமுகப் பாலத்தின் காலடி. மணற்கல் சுவர்கள், கல் பாவிய சந்துகள், செங்குத்தான படிக்கட்டுகள், பழைய மதுக்கடைகள், வாரக் கடைசியில் ஒரு சந்தை. 1788-இல் பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கி, குடியேற்றத்தைத் தொடங்கிய இடம். அதற்கு முன்பு பல்லாயிரம் ஆண்டுகளாக அது கடிகல் மக்களின் மண். இப்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தச் சந்துகளில் கையில் காபியோடு நடக்கும்போது, இவை எப்போதும் இப்படியேதான் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கும் என்று தோன்றிவிடும். நாகரிகமான நாடு, பழைய கல்லுக்கு மரியாதை தெரிந்த நாடு என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்.

அப்படியெல்லாம் இல்லை. 1970-இல் இந்த இடத்தின் பெரும்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கி, வரிசையாகக் கோபுரக் கட்டடங்கள் எழுப்ப மாநில அரசே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அதைத் தடுத்தவர்கள் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவர்களும், கட்டட வேலையில் சாரம் கட்டி, பள்ளம் தோண்டி, கான்கிரீட் கொட்டிப் பிழைத்த தொழிலாளர்களும். நம்மூர்க் கணக்கில் சொன்னால் சித்தாட்கள்.

கதையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ராக்ஸில் குடியிருந்த பெரும்பாலானவர்களுக்கு வீடு சொந்தமில்லை. அவர்களுடைய வீட்டுக்காரர் அரசாங்கம். அது எப்படி வந்தது என்றால், எலிகளால் வந்தது.

1900 ஜனவரியில் சிட்னியில் பிளேக் பரவியது. அந்த வருடம் 303 பேருக்கு நோய் கண்டது, 103 பேர் செத்துப்போனார்கள். பெரிய நகரத்துக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் பயம் பெரியது. துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான வீடுகள்தான் நோயின் கூடு என்று அரசாங்கம் முடிவெடுத்தது. தெருக்களைத் தடுப்புப் போட்டு அடைத்தார்கள், வீடு வீடாகக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள், எலி பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. ராக்ஸிலும் பக்கத்து மில்லர்ஸ் பாயிண்டிலும் இருந்த நிலத்தையும் வீடுகளையும் அரசு மொத்தமாகக் கையகப்படுத்தியது. கொஞ்சம் இடித்தது, மீதியைத் துறைமுக வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. பிறகு 1920-களில் துறைமுகப் பாலம் வந்தபோது அதன் ஏறுபாதைக்காக நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. பிரின்சஸ் ஸ்ட்ரீட் என்று ஒரு முழுத் தெருவே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. 1950-களில் கேஹில் எக்ஸ்பிரஸ்வே வந்து இன்னொரு பக்கத்தை அறுத்துக்கொண்டு போனது.

ஆக, 'இடிப்பது' ராக்ஸ்காரர்களுக்குப் புதிய வார்த்தை இல்லை. தாத்தா காலத்தில் எலிக்காக இடித்தார்கள், அப்பா காலத்தில் பாலத்துக்காக இடித்தார்கள். மிஞ்சிய வீடுகளில் அதே குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. ஆண்கள் கப்பலில் மூட்டை இறக்கப் போனார்கள். பக்கத்து வீட்டில் அத்தை, அடுத்த தெருவில் அக்கா. வெளியில் இருந்து பார்த்த சிட்னிக்காரர்களுக்கு அது ஒரு சேரி. பாரம்பரியம் என்கிற சொல்லை அந்தச் சந்துகளோடு சேர்த்து யாரும் உச்சரித்ததில்லை.

சிட்னி மையத்தில் கட்டடம் 150 அடிக்கு மேல் போகக் கூடாது என்றொரு கட்டுப்பாடு 1957 வரை இருந்தது. அது நீங்கியதும் நகரம் வானத்தைப் பார்த்து வளர ஆரம்பித்தது. 1962-இல் ராக்ஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஏ.எம்.பி. கட்டடம் 26 மாடியில் எழுந்து நின்றது. 1967-இல் 50 மாடி ஆஸ்திரேலியா ஸ்கொயர். பணம் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கொட்டியது. அந்த நேரத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி, ஓபரா ஹவுஸுக்கு எதிரே, அரசாங்கத்துக்கே சொந்தமான நிலத்தில், சொற்ப வாடகையில் சில நூறு தொழிலாளர் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தால் எந்த அரசாங்கத்துக்கும் கை அரிக்கத்தான் செய்யும். ராபர்ட் அஸ்கினின் மாநில அரசு சட்டம் போட்டு 'சிட்னி கோவ் மறுமேம்பாட்டு ஆணையம்' என்ற ஒன்றை அமைத்தது. 1970-இல் அது வேலையைத் தொடங்கியது. அலுவலகம், ஓட்டல், வசதியானவர்களுக்கான அடுக்குமாடி. பழையவற்றில் பார்க்க நன்றாக இருக்கும் சிலதை மட்டும் ஒரு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது. குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குத் திட்டத்தில் உருப்படியான பதில் கிடையாது.

ராக்ஸிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த நீட்டா மெக்ரே என்ற பெண்மணி அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான். எல்லா ஊரிலும் போலவே மனுக்கள் கோப்புக்குள் போய் உட்கார்ந்தன. கடைசியில் 1971-இல் அவர்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள்.

ஏன் அந்தக் கதவு? அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹண்டர்ஸ் ஹில் என்பது சிட்னியில் நல்ல வசதியானவர்கள் வாழும் பகுதி. அங்கே நதிக்கரையில் 'கெல்லிஸ் புஷ்' என்று மிச்சமிருந்த ஒரு துண்டுக் காடு. ஏ.வி. ஜென்னிங்ஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் அதில் வீடுகள் கட்ட அனுமதி வாங்கியது. எதிர்த்தவர்கள் 13 பெண்கள். நடுத்தர வர்க்கத்து இல்லத்தரசிகள். நகராட்சி, அமைச்சர், முதல்வர் என்று எல்லோரிடமும் போய்ப் பார்த்து அலுத்துவிட்டுத் தொழிற்சங்கத்திடம் வந்தார்கள். அந்தச் சங்கத்தின் நியூ சவுத் வேல்ஸ் கிளைக்குச் செயலாளர் ஜாக் மண்டி. வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் மலைநாட்டில் பிறந்து, ரக்பி ஆட சிட்னிக்கு வந்து, கட்டட வேலைக்குப் போனவர். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். பணக்காரப் பேட்டையின் பெண்கள் கம்யூனிஸ்டிடம் உதவி கேட்டு வந்ததில் அவருக்கு உள்ளூரச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சங்கம் கூடிப் பேசி, அந்த இடத்தில் எங்கள் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்று தீர்மானம் போட்டது. சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து வேலையை முடிக்கிறோம் என்றது நிறுவனம். அதே நிறுவனம் வடக்கு சிட்னியில் கட்டிக்கொண்டிருந்த அலுவலகக் கட்டடத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் உடனே கூடினார்கள். கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரத்தைத் தொட்டாலும் இந்தக் கட்டடம் இப்படியே அரைகுறையாக நிற்கும் என்று செய்தி அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஜென்னிங்ஸ் பின்வாங்கியது. அந்தக் காடு இன்றைக்கும் இருக்கிறது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் அவரவர் சங்கத்தில் இருந்தார்கள். மிச்சமிருந்த 'கைத்திறன் இல்லாத' வேலைகள் இந்தச் சங்கத்து ஆட்களுடையவை. இடிப்பது, தோண்டுவது, சாரம் கட்டுவது, கான்கிரீட் போடுவது. கட்டடத் தொழிலில் கடைசிப் படியில் இருந்தவர்கள். ஆனால் எந்தக் கட்டடமும் அவர்கள் கையில்தான் தொடங்க வேண்டும். முதல் சுவரை இடிக்க ஆள் இல்லையென்றால் கட்டடக் கலைஞர் போட்ட வரைபடம் வெறும் காகிதம். உறுப்பினர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் பேசினார்கள். சங்க நிர்வாகிகளுக்குத் தொழிலாளியின் சம்பளம்தான். வேலைநிறுத்தம் நடந்தால் அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. யாரும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது. அந்த விதிப்படி மண்டியே 1973-இல் புகழின் உச்சியில் இருக்கும்போது இறங்கிவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். நமக்குத் தெரிந்த தொழிற்சங்கத் தலைவர்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தடை விதிக்கவும் ஒரு முறை வைத்திருந்தார்கள். சங்கம் தானாகப் போய் எந்த இடத்தையும் பிடிக்காது. அங்கே வாழும் மக்கள் கேட்க வேண்டும். பொதுக்கூட்டம் போட்டு, ஊர் இதை விரும்புகிறது என்று காட்ட வேண்டும். பிறகு தொழிலாளர்கள் தங்கள் கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வொரு தடையும் அவர்களுடைய கூலியில் கை வைக்கும் விஷயம். கட்டாத கட்டடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? தங்களுக்குச் சொந்தமில்லாத தெருவுக்காக, தாங்கள் குடியிருக்காத வீட்டுக்காக அவர்கள் அதைச் செய்தார்கள். 1971 முதல் 1974 வரை 40-க்கும் மேற்பட்ட தடைகள். ஆரம்பத்தில் தொழிற்சங்க வழக்கப்படி 'கறுப்புத் தடை' என்றார்கள். 1973-இல் மண்டி அதைப் 'பச்சைத் தடை' என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இதை முழுக்கத் தியாகக் கதையாகவும் ஆக்கிவிட வேண்டாம். அப்போது கட்டுமானத் தொழில் கொழுத்துக் கிடந்த காலம். ஒரு இடத்தில் வேலை நின்றால் அடுத்த தெருவில் வேலை இருந்தது. தொழில் படுத்திருந்தால் இத்தனை கைகள் உயர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராக்ஸில் தடை வந்ததும் ஆணையத்தின் கை கட்டப்பட்டது. குடியிருப்பவர்கள் வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1973-இல் கட்டடக் கலைஞர்களின் துணையோடு 'மக்கள் திட்டம்' என்று ஒன்றைத் தாங்களே தயாரித்தார்கள். பழைய வீடுகளைப் பழுது பார்க்கலாம், புதியதும் கட்டலாம், ஆனால் இங்கே இருக்கிறவர்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வருடம் அக்டோபரில் சங்கத்தில் இல்லாத ஆட்களைக் கொண்டுவந்து இடிக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். குடியிருப்பவர்களும் தொழிலாளர்களும் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனது. மண்டியைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போகும் புகைப்படம் ஆஸ்திரேலிய வரலாற்றில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அடுத்த மாதம் தேர்தல் வந்தது. சட்டம் ஒழுங்கு என்று பேசிய அஸ்கின் ஜெயித்தார். தெருவில் இருந்தவர்களுக்கு ஆதரவாக ஊரே திரண்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ராக்ஸில் எதிராளி அரசாங்கம். கைதோடு போயிற்று. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, கிங்ஸ் கிராஸ் பக்கம் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் எதிராளி தனியார் முதலாளி.

மரங்கள் நிழல் விரித்த தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒட்டு வீடுகள் வரிசையாக நிற்கும். பின்பக்கம் குன்று சரிந்து நகரமும் துறைமுகமும் தெரியும். உள்ளே மலிவு வாடகையில் ஓய்வூதியக்காரர்கள், கப்பலோடிகள், ஓவியர்கள். ஃபிராங்க் தீமன் என்பவர் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, 45 மாடி வரை போகும் அடுக்குமாடிக் கோபுரங்களுக்குத் திட்டம் போட்டார். 1973 ஈஸ்டரை ஒட்டி எல்லோரையும் காலி பண்ணச் சொன்னார்கள். எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஏப்ரலில் ஒரு நாள் காணாமல் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். யாரோ கடத்திக்கொண்டு போய் வைத்திருந்தார்கள். வந்தவர் குழுவிலிருந்து விலகி, ஊரை விட்டே போய்விட்டார். மிக் ஃபவுலர் என்ற கப்பலோடி கடலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் வீட்டுக்குள் போக முடியவில்லை. கதவை அடைத்து, சாமான்களை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் தொழிற்சங்கத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்தவர், 1976 வரை அசையவில்லை. காலியான மற்ற வீடுகளில் இளைஞர்கள் புகுந்து குடியிருந்தார்கள். 1974 ஜனவரியில் முதலாளி அமர்த்திய அடியாட்கள் கதவுகளை உடைத்து அவர்களை வெளியே இழுத்துப் போட, போலீஸ் கூடவே நின்றது.

அதே தெருவில் 202-ஆம் எண் வீட்டில் ஹுவானிட்டா நீல்சன் இருந்தார். சிட்னியின் பழைய பெரிய கடைகளில் ஒன்றான மார்க் ஃபாய்ஸ் குடும்பத்து வாரிசு. 'நௌ' என்று ஒரு சின்ன உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார். விளம்பரமும் ஊர்ச் செய்தியுமாக இருந்த பத்திரிகை, கொஞ்சம் கொஞ்சமாகக் காலி பண்ண மறுத்தவர்களின் குரலாக மாறியது. 1975-இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் தடை விழுந்துபோனது. அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன். உடனே அவர் தண்ணீர் வாரிய ஊழியர் சங்கத்தைப் பிடித்து அங்கே ஒரு தடை போட வைத்தார். குழாய் இணைப்பு இல்லாமல் அடுக்குமாடி எப்படிக் கட்டுவது? அந்த வருடம் ஜூலை 4 காலையில் விளம்பர விஷயமாகப் பேச வரச் சொல்லி கிங்ஸ் கிராஸில் ஒரு இரவு விடுதியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். போனவர் திரும்பவில்லை. வயது 38. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைக் கடத்தச் சதி செய்ததாக இரண்டு பேர் பிறகு தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று 1983 விசாரணையில் நடுவர்கள் சொன்னார்கள். விசாரணைக்கு ஊழல் சூழல் தடையாக இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 45 மாடிக் கோபுரம் வரவில்லை. முன்வரிசை பழைய வீடுகளில் பலவற்றை விட்டுவைத்து, பின்னால் குறைந்த உயரத்தில் அடுக்குமாடி வந்தது. இன்றைக்குப் போனால் தெரு அழகாகத்தான் இருக்கிறது. பழைய குடித்தனக்காரர்கள் யாரும் அங்கே இல்லை.

சங்கத்தை முறித்தது அரசாங்கமோ முதலாளியோ நேரடியாக அல்ல. அதே சங்கத்தின் தேசியத் தலைமைதான். கூட்டாட்சிச் செயலாளர் நார்ம் காலகர், அவரும் கம்யூனிஸ்ட்தான், மாவோயிஸ்ட் பிரிவு. 1974 இறுதியில் சிட்னிக் கிளைக்குள் நுழைந்தார். கட்டட முதலாளிகள் அவர் பக்கம் நின்றார்கள். அவர் கொடுத்த அட்டை இருந்தால்தான் வேலை. 1975 மார்ச்சில் மண்டியின் ஆட்கள் தோற்று ஒதுங்கினார்கள். கட்டுமானப் பணப்புழக்கமும் 1974-இலேயே வற்றத் தொடங்கியிருந்தது. நின்றுபோன பல திட்டங்களுக்குத் திரும்ப உயிர் கொடுக்கப் பணம் இல்லை என்பதும் ராக்ஸின் அதிர்ஷ்டத்தில் ஒரு பங்கு. 1975-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. கேஹில் எக்ஸ்பிரஸ்வேக்கு வடக்கே இருப்பதையெல்லாம் காப்பாற்றுவது. தெற்கே கோபுரங்கள் வரட்டும். 1977-இல் மாநிலத்தில் பாரம்பரியச் சட்டம் வந்தது. 1979-இல் திட்டமிடலில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழிசெய்யும் சட்டம். கல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

மக்களுக்கு? அங்கேதான் 'சிரியஸ்' வருகிறது. இடம்பெயர நேர்ந்தவர்களை ராக்ஸிலேயே குடிவைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பதிலாக அரசு வீட்டுவசதி ஆணையமே ஒரு அடுக்குமாடி கட்டியது. டாவோ கோஃபர்ஸ் வரைந்தது. 1980-இல் ஆட்கள் குடிவந்தார்கள். 79 வீடுகள். கான்கிரீட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படிக்கட்டுபோல அடுக்கிய மாதிரி, துறைமுகப் பாலத்தை ஒட்டி நிற்கும். பலருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு துறைமுகக் கூலிக்காரனின் விதவை தன் படுக்கையறையிலிருந்து ஓபரா ஹவுஸைப் பார்க்க முடிந்த கட்டடம் அது. அடுக்குமாடியை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தவர்கள் போராடி வாங்கியதும் ஒரு அடுக்குமாடிதான் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு உயரத்தோடு எந்தச் சண்டையும் இருந்ததில்லை.

34 வருடம் போயிற்று. சேரி என்று ஒதுக்கப்பட்ட சந்துகள் பாரம்பரியம் ஆகிவிட்டன. பாரம்பரியம் ஆனதால் நில விலை எங்கோ போய்விட்டது. 2014 மார்ச்சில் மாநில அரசு ஒரு அறிவிப்பு செய்தது: மில்லர்ஸ் பாயிண்டிலும் ராக்ஸிலும் உள்ள 293 அரசு வீடுகளை விற்கப் போகிறோம், சிரியஸ் உட்பட. வரும் பணத்தில் வேறு இடங்களில் ஏழைகளுக்கு இன்னும் நிறைய வீடு கட்டுவோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிளேக் காலத்திலும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். சிரியஸைப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யலாம் என்று அரசின் பாரம்பரியக் குழுவே பரிந்துரைத்தது. அப்படிச் செய்தால் விலை 70 மில்லியன் டாலர் குறையும், அது 240 வீடுகளுக்குச் சமம் என்று 2016-இல் அமைச்சர் மறுத்தார். நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. அடுத்த அமைச்சர் வந்து மறுபடி மறுத்தார்.

2016-இல் கட்டடத் தொழிலாளர் சங்கம், இன்றைக்கு வேறு பெயரில் இயங்குவது, சிரியஸுக்குப் பச்சைத் தடை அறிவித்தது. 87 வயதை நெருங்கிய மண்டியும் போராட்டத்தில் இருந்தார். கட்டடம் மாடி மாடியாகக் காலியாகிக்கொண்டு வந்தது. பத்தாம் மாடி ஜன்னல் ஒன்றில் எஸ்.ஓ.எஸ். என்ற எழுத்துகள் இரவில் விளக்காக எரிந்தன, பாலத்தில் போகும் வண்டிகளுக்குத் தெரியும்படி. ஆபத்துக் குறிப்பும் அதுதான், 'சிரியஸைக் காப்பாற்றுங்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் அதுதான். அந்த வீட்டில் இருந்தவர் கிட்டத்தட்டப் பார்வை இழந்த ஒரு மூதாட்டி. அந்த விளக்கை அவரால் சரியாகப் பார்க்க முடிந்திருக்காது. 2018 தொடக்கத்தில், 90 வயதில், கடைசியாக வெளியேறியவர் அவர்.

2019-இல் சிரியஸ் 150 மில்லியன் டாலருக்கு விலைபோனது. வாங்கியவர்கள் அதை இடிக்கவில்லை. கான்கிரீட் பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே புதுப்பித்து, சொகுசு வீடுகளாக்கி விற்றார்கள். சங்கம் போட்ட தடை இடிப்பதற்கு எதிரானது. யாரும் எதையும் இடிக்காததால் அந்தத் தடைக்கு வேலையே வரவில்லை.